காலையில் நடுங்கும் பழைய எம்பிஎஃப்ஐ கார்: ஐடிலிங் கோளாறை எங்கிருந்து தேடுவது?

காலையில் செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஆர்பிஎம் முள் 600-க்கும் 1,000-க்கும் நடுவில் ஆடுகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில், தெருமுனை திரும்புவதற்குள், சீராக ஓட ஆரம்பித்துவிடுகிறது. பதினைந்து இருபது வயதான மாருதி 800, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ, ஐகான் என்று எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டி எது வைத்திருந்தாலும் இந்தப் புகாரை ஒருமுறையாவது சந்தித்திருப்பீர்கள். "சூடானா சரியாயிடுது, விடுங்க" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் சூடானதும் கோளாறு போய்விடுவதில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஈடுகட்டிவிடுகிறது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் தெரிகிறது என்பதே எங்கே தேட வேண்டும் என்பதற்கான முதல் துப்பு.

சென்னையில் ஏது குளிர்?

மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் ஊர் இது. இங்கே குளிர் இன்ஜின் பிரச்சினையா என்று கேட்கலாம். இன்ஜினுக்கு வேலை செய்ய வசதியான சூடு 85 முதல் 95 டிகிரி வரை. ராத்திரி முழுக்க நின்ற வண்டி மே மாதத்தில்கூட 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்கு வியர்க்கும் சூடு, இன்ஜினுக்குக் குளிர்.

பெட்ரோல் திரவமாக இருந்தால் எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த இன்ஜினில் இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பங்கு, இன்டேக் பாதையின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. மீதிதான் சிலிண்டருக்குள் போய் எரிகிறது. இந்த நஷ்டத்துக்காகக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சோக் இழுத்தது இதற்குத்தான். எம்பிஎஃப்ஐ வண்டியில் அந்த வேலையை வண்டியின் கம்ப்யூட்டரான இசியு செய்கிறது: இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது, ஐடில் வால்வை, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வைத் திறந்து காற்றையும் அதிகமாக விடுகிறது. அதனால்தான் நல்ல நிலையில் உள்ள வண்டி காலையில் 1,200 ஆர்பிஎம்மை ஒட்டி ஆரம்பித்து, சூடாகச் சூடாகப் படிப்படியாக இறங்கி, 750-க்கும் 900-க்கும் இடையில் வந்து நிற்கும். உங்கள் வண்டி காலையில் 800-லேயே ஆரம்பித்துத் திணறுகிறது என்றால், அந்தக் கூடுதல் காற்று கிடைக்கவில்லை என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

அடுத்து ஆக்ஸிஜன் சென்சார். சைலன்சர் பைப்பில் இருக்கும் இது, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து கலவை சரியா என்று இசியுவுக்குச் சொல்லும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியான விகிதம் எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். ஆனால் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். ஹீட்டர் உள்ள சென்சார் ஒரு நிமிடத்தை ஒட்டித் தயாராகிவிடும். ஆரம்பகால வண்டிகளில் இருந்த ஒற்றை வயர் சென்சாருக்கு ஹீட்டர் கிடையாது. சைலன்சர் சூட்டில்தான் சூடாக வேண்டும், சில நிமிடம் பிடிக்கும். அதுவரைக்கும் இசியு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறது. கூலன்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் அளவு, தன் நினைவில் இருக்கும் பழைய கணக்கு, இவ்வளவுதான் அதன் கையில். இந்த இடைவெளியில் எங்காவது காற்று கசிந்தாலோ ஏதாவது ஒரு சென்சார் தப்பாகச் சொன்னாலோ அது அப்படியே நடுக்கமாகத் தெரியும். ஆக்ஸிஜன் சென்சார் விழித்ததும் இசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளித்துவிடும். நடுக்கம் மறைந்துவிடும், கோளாறு அங்கேயே இருக்கும்.

எத்தனை நேரம் நடுங்குகிறது?

கையில் எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு காலையில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து கடிகாரத்தைப் பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இதைச் செய்யக் கூடாது. குளிர்ந்த இன்ஜின் விடும் கார்பன் மோனாக்ஸைடு மிக அதிகம். அதற்கு வாசனையும் கிடையாது.

முதல் ஐந்து பத்து வினாடி மட்டும் தடுமாறிப் பிறகு சரியானால், சந்தேகம் பெட்ரோல் பக்கம்: ராத்திரியில் பைப்பில் பிரஷர் இறங்கியிருக்கும், அல்லது ஒரு இன்ஜெக்டர் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் நடுங்கி, பிறகு ஏறத்தாழ ஒரே கணத்தில் தெளிந்தால் அது கலவைக் கோளாறு. தெளிந்த கணம் ஆக்ஸிஜன் சென்சார் விழித்த கணம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போய், டெம்பரேச்சர் முள் ஏற ஏற மெதுவாகச் சரியானால் ஐடில் வால்வு, பிளக், வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை: நடுங்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி 1,500-ல் பிடியுங்கள். உடனே வெண்ணெயாக ஓடினால் ஐடிலுக்கான காற்று வழியில் கோளாறு. அப்போதும் 'டப்... டப்...' என்று ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தால் அது மிஸ்ஸிங். பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் இந்த நான்கில் ஒன்று. ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கிறது, பாடி மட்டும் அதிர்கிறது என்றால் இன்ஜினைச் சந்தேகிக்கவே வேண்டாம். இன்ஜின் மவுன்ட் ரப்பர் செத்துப்போயிருக்கும். இதைப் பார்க்காமல் பிளக், காயில் என்று மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

கூலன்ட் சென்சார்: எளிது, ஆனாலும் தவறவிடுவது

இசியு வண்டியின் சூட்டைத் தெரிந்துகொள்வது ஒரே ஒரு சின்னப் பித்தளைச் சென்சாரால். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) இருக்கும் கூட்டிலோ சிலிண்டர் ஹெட் பக்கமோ திருகியிருக்கும். பல பழைய வண்டிகளில் இப்படி இரண்டு இருக்கும்: டேஷ்போர்டு முள்ளுக்கு ஒன்று, பெரும்பாலும் ஒற்றை வயர், இசியுவுக்கு ஒன்று, இரட்டை வயர். "முள் சரியாத்தான் காட்டுது" என்பதால் இசியுவுக்கும் சரியான தகவல் போகிறது என்று அர்த்தமில்லை.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும்; ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். காலையில் வண்டியைத் தொடும் முன், சாவி ஆஃபில் இருக்க, சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி அதன் இரு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் இறங்கும் வகை இது. பரவலாகப் பயன்படும் சென்சார்களில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம்மை ஒட்டியும், 30 டிகிரியில் 1.7 கிலோ ஓம்மை ஒட்டியும், 80 டிகிரியில் 300 ஓம்மை ஒட்டியும் இருக்கும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஆனால் 30 டிகிரிக் காலையில் 500 ஓம் காட்டினால், இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக இசியு நம்பிக்கொண்டிருக்கிறது. கூடுதல் பெட்ரோல் கொடுக்காது, வண்டி திணறும். பத்து கிலோ ஓம்முக்கு மேல் காட்டினால் நேர்மாறு: உறைபனியில் நிற்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். கரும்புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் வாசனை எல்லாம் வரும்.

இசியுவிடமிருந்து அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் இன்னும் சுலபம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் வெளிச்சூட்டை ஒட்டி, ஓரிரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று 29, மற்றது 52 என்று காட்டினால் பொய் சொல்வது எது என்று உடனே தெரிந்துவிடும். மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சாக்கெட் தொடவில்லை. மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் 2010-க்கு முந்தைய பல வண்டிகளோடு பேசாது. சாக்கெட் பொருந்துகிறதே என்று வாங்கிவிடாமல், ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சென்னைக்கே உரிய இரண்டு விஷயங்கள் இங்கே இருக்கின்றன. முதலாவது, ரேடியேட்டரில் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீர் சென்சார் முனையில் பொருக்குக் கட்டி, சூட்டை உணரவிடாமல் செய்யும், அலுமினியத்தையும் அரிக்கும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சாருக்கு மேல் காற்றுக் குமிழி நின்றாலும் சென்சார் தப்பாகக் காட்டும்.

இரண்டாவது, "இந்த வெயிலுக்கு எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடாக வெகுநேரம் பிடிக்கும். மழைநாளில் ஹைவேயில் போனால் முழுச்சூட்டுக்கு வராமலேயே போகலாம். இசியு நீண்ட நேரம் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஐடில் இறங்காது, மைலேஜ் விழும், வால்விலும் பிளக்கிலும் கரி சேரும். அந்தக் கரியே நாளடைவில் காலை நடுக்கத்துக்குக் காரணமாகும். ஓவர்ஹீட் பயம் இருந்தால் ரேடியேட்டரையும் ஃபேனையும் சரிசெய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியம் இல்லை.

த்ராட்டில் பாடியும் ஐடில் வால்வும்

பெரும்பாலான வண்டிகளில் கோளாறு கடைசியில் இங்கேதான் அகப்படும், செலவும் குறைவு. இன்ஜினின் ஆயில் ஆவி பிசிவி ஹோஸ் வழியாக இன்டேக்குக்குத் திரும்ப வரும். அது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறந்து காற்று விடும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையமாகப் படியும். ஐடிலில் காற்று புகுவது அந்த ஓரத்தின் மயிரிழை இடைவெளியிலும், பக்கத்தில் இருக்கும் ஐடில் வால்வின் சந்திலும்தான். இரண்டும் அடைபட்டால் குளிர்ந்த இன்ஜினுக்குத் தேவையான கூடுதல் காற்று கிடைக்காது.

ஏர் ஃபில்டர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளால் இயங்கும் த்ராட்டில் என்றால் தகட்டைக் கையால் திறந்து பின்பக்கத்தையும் பார்க்கலாம். அழுக்கு அங்கேதான் அதிகம். மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலாக இருந்தால் சாவி ஆனில் இருக்கும்போது விரல் வைக்கவே கூடாது. சுத்தம் செய்ய த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், மூலைக்குப் பழைய டூத் பிரஷ் போதும். தகட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் அது அழுக்கு இல்லை, நிறுவனமே பூசியது. சுரண்டி எடுத்துவிட்டால் ஐடில் நிரந்தரமாக ஏறிவிடும்.

ஐடில் வால்வு இரண்டு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றும்போது அடியில் இருக்கும் ஓ-ரிங் அல்லது பேக்கிங்கைக் கிழிக்காமல் எடுங்கள். தட்டையாகிப் போயிருந்தால் புதிது போடுங்கள், இல்லையென்றால் சுத்தம் செய்த இடத்திலேயே காற்று கசியும். ஸ்டெப்பர் மோட்டார் வகையில் முனையில் கூம்பு போல ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் பல் தேய்ந்துவிடும். கிளீனரை மோட்டார் பக்கம் வழியவிடாமல், முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். சில பழைய வண்டிகளில் இதோடு கூடவே, கூலன்ட் சூட்டில் மெழுகு விரிந்து மூடிக்கொள்ளும் ஒரு தனிக் காற்று வால்வும் உண்டு. அதற்கு வயரே கிடையாது. அதன் சந்து அடைபட்டாலோ வால்வு மூடிய நிலையில் இறுகினாலோ காலை ஐடில் ஏறாது, திறந்தே இறுகினால் சூடான பிறகும் இறங்காது.

மாட்டிய பிறகு வண்டி முதலில் கன்னாபின்னாவென்று ரேஸ் ஆகலாம். பயப்பட வேண்டாம். அழுக்கான வழிக்கு ஏற்றபடி பழகியிருந்த இசியு, சுத்தமான வழிக்குத் திரும்பப் பழக வேண்டும். எல்லா லோடையும் அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். பல வண்டிகளுக்கு இது போதும். சிலவற்றுக்கு ஸ்கேனரால்தான் சொல்லிக்கொடுக்க முடியும். பேட்டரி மாற்றிய மறுநாள் ஐடில் மோசமாகிறது என்றாலும் காரணம் இதுவே.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். த்ராட்டில் தகடு வந்து முட்டும் ஸ்டாப்பர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றித் தர யாரையும் அனுமதிக்க வேண்டாம். பழைய கார்புரேட்டர் பழக்கம் அது. தகடு மூடியிருக்கிறதா என்பதை த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்ட்டை வைத்துத்தான் இசியு அறிகிறது; மூடியிருக்கும்போது வழக்கமாக அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஸ்க்ரூவைத் திருகினால் அந்தக் கணக்கு கெடும். பல வண்டிகளில், கால் எடுத்துவிட்டார்கள், இனி ஐடிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இசியுவுக்குத் தெரியாமல் போய்விடும்.

காற்றுக் கசிவு

இருபது வருஷம் பானட்டுக்குள் வெந்த ரப்பர் ஹோஸ், குளிர்ந்திருக்கும்போது விறைத்துச் சுருங்கி வெடிப்பு வாய் திறக்கும், சூடானதும் இளகி அடைத்துக்கொள்ளும். இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங்கும் அப்படியே. பார்க்க வேண்டியவை பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் ஹோஸ், இன்ஜெக்டர் அடியில் உள்ள ஓ-ரிங். ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டி என்றால் எலிக் கடியையும் தேடுங்கள். ஹோஸையும் விடாது, வயரையும் விடாது.

கசிவின் குணம் வண்டிக்கு வண்டி மாறும். காற்றின் எடையை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் வைத்த வண்டியில், சென்சாரைத் தாண்டிப் புகும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் பற்றாமல் வண்டி நடுங்கும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் அதிகம் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கசிந்த காற்றும் அழுத்தமாக அதற்குத் தெரிந்துவிடும், இசியு பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் மேப் வண்டியில் பொதுவான கசிவு நடுக்கமாக வராமல், இறங்க மறுக்கும் ஐடிலாக வரும். கசிவு ஒரு சிலிண்டரின் வாசலில், உதாரணமாக இன்ஜெக்டர் ஓ-ரிங்கில் இருந்தால் மட்டும் அந்த ஒரு சிலிண்டர் வறண்டு மிஸ்ஸிங் ஆகும். மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் வெடித்தாலோ கழன்றாலோ கதை வேறு: இன்ஜினுக்குப் பெரிய லோடு வந்துவிட்டதாக நினைத்து இசியு பெட்ரோலைக் கொட்டும், கரும்புகை வரும்.

கண்டுபிடிக்க, குளிர்ந்த இன்ஜின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அல்லது துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஐடில் சட்டென்று மாறுகிறதோ அந்தப் பாதையைப் பின்தொடருங்கள். மேனிஃபோல்டு பேக்கிங் ஓரத்துக்குச் செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயில் கொஞ்சம் தண்ணீரைப் பூத்தூறலாக அடித்தால், கசியும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் ஓட்டையை அடைத்து, ஓட்டத்தில் மாற்றம் தெரியும். பிளக் வயர், காயில் பக்கம் தண்ணீர் படக் கூடாது. சில ஒர்க்‌ஷாப்பில் கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். அது தீப்பிடிக்கும் திரவம், பக்கத்திலேயே சைலன்சர் மேனிஃபோல்டு. வீட்டில் அந்த முறை வேண்டாம். வேக்கம் கேஜ் கிடைத்தால் இன்னும் துல்லியம்: கடல்மட்டத்தில் இருக்கும் சென்னையில், சூடான நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். முள் நிலையாக 14-ல் நின்றால் கசிவு இருக்கலாம். ஒரே தாளத்தில் துடித்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

பிளக், வயர், காயில்

பிளக்கைக் கழற்றினால் பிளக்கே சொல்லும். இளம் பழுப்பு நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாகப் பெட்ரோல் வாசனையோடு வந்தால் அந்த சிலிண்டரில் தீப்பொறி இல்லை, அல்லது கம்ப்ரஷன் இல்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. எல்லா பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி காகிதத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் தேடல் ஒரு சிலிண்டருக்குச் சுருங்கிவிட்டது, எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருந்தால் சென்சார், கசிவு, பிரஷர் என்று பொதுவானதைத் தேடுங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள், உங்கள் மேனுவலில் சரியான அளவு இருக்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காலைப் புகார் பெருகுவதற்கு முக்கியக் காரணம் ஈரம். வெடித்த பிளக் வயர் வழியாக மின்சாரம் இன்ஜின் பாடிக்கே பாய்ந்துவிடும். விடியும் முன் இருட்டில் பானட்டைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள ஆரம்பகால எம்பிஎஃப்ஐ வண்டியில் மூடிக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர் வாஷில் இன்ஜினுக்குப் பிரஷர் அடித்தால் பிளக் குழியில் தண்ணீர் தேங்கும். வால்வு கவர் சீல் தேய்ந்தால் அதே குழியில் ஆயில் தேங்கும். இரண்டுமே காலையில் மிஸ்ஸிங் தரும், சூட்டில் கொஞ்சம் தேறும்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, வண்டி நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் இன்ஜெக்டர் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் சாக்கெட்டைக் கழற்றினால் ஓட்டம் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றினால் வித்தியாசமே இல்லையோ, அதுதான் ஆள். ஓடும் வண்டியில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். காயிலும் போகும், கைக்கும் ஷாக், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். ஸ்கேனரில் பி0301, பி0302 என்று கோளாறு எண் வந்தால் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும்.

திருவான்மியூர், நீலாங்கரை மாதிரிக் கடற்கரைப் பகுதி வண்டிகளில் எர்த் வயரைக் கட்டாயம் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால், உப்பு அரித்த எர்த் முனையைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டுகளில் பச்சை அரிப்பைத் தேடுவதே முதல் வேலை.

பெட்ரோல் பக்கம்

செல்ஃப் அடிக்கும் முன் சாவியை ஆன் செய்து, டிக்கிப் பக்கம் பம்ப் இரண்டு வினாடி 'ங்ங்' என்று ஓடி நிற்கும் வரை காத்திருந்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தடுமாற்றம் காணாமல் போனால் ராத்திரியில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்ப்பின் செக் வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. கேஜ் மாட்டினால் பெரும்பாலான வண்டிகளில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும்; ஆஃப் செய்ததும் மளமளவென்று இறங்கக் கூடாது. ரெகுலேட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது.

இன்று பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5-ஐ ஒட்டி. அதாவது, அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். சூடான பிறகு ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும், காலையில் அந்த வசதி இல்லை. நல்ல நிலையில் உள்ள வண்டி இந்தச் சில சதவீதத்தைத் தாங்கும். ஏற்கெனவே எல்லையில் இருக்கும் வண்டி தடுமாறும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் சீக்கிரம் கெடுக்கிறது. பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால், ஐடிலை மறந்துவிட்டு முதலில் அந்தக் கசிவைப் பிடியுங்கள்.

எல்பிஜி கிட் போட்ட வண்டியா? காலையில் ஒரு நிமிடம் மட்டும் பெட்ரோலில் ஓடி, நாள் முழுக்கக் கேஸில் ஓடினால் இன்ஜெக்டர் முனையில் பிசின் கட்டும். வாரத்துக்கு ஒருநாளாவது பெட்ரோலில் ஓட்டுங்கள். கேஸில் வால்வு சீட்டும் சீக்கிரம் தேய்ந்து வால்வு இடைவெளி குறையும். அப்போது வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் கசியும். இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்து, அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் பீய்ச்சும் அளவைக் கண்ணாடிக் குழாயில் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். டேங்க்கில் ஊற்றும் கிளீனர் லேசான அழுக்குக்கு மட்டுமே.

எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நின்றபாடில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். கூடவே கவனிக்க வேண்டிய ஒன்று: காலையில் ஒரு நிமிடம் மிஸ்ஸிங், சைலன்சரில் வெகுநேரம் விடாமல் வரும் வெண்புகை, சில வாரத்துக்கு ஒருமுறை கூலன்ட் குறைவு, மூன்றும் சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக ராத்திரியில் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது. இதைத் தள்ளிப்போட்டால் இன்ஜினே போய்விடும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது

பதினோரு மணிக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் மெக்கானிக் பார்ப்பது சூடான வண்டியை. அவருக்குக் கோளாறு தெரியாது. முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டு, காலையில் தானே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் போங்கள். எத்தனை நிமிடம் நடுங்குகிறது, லேசாக ரேஸ் கொடுத்தால் என்ன ஆகிறது, சாவியை மூன்று தடவை ஆன் செய்தால் மாறுகிறதா என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் அவருடைய பாதி வேலை முடிந்தது.

உதிரிபாகம் என்றால், த்ராட்டில் பாடி, மேனிஃபோல்டு, வயரிங் சாக்கெட் மாதிரி உலோகமும் பிளாஸ்டிக்குமான சாமான்களைப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பார்த்து வாங்கலாம். கூலன்ட் சென்சார், ஆக்ஸிஜன் சென்சார், பிளக், ஓ-ரிங் இவற்றைப் புதிதாக, பார்ட் நம்பர் சொல்லி, ஜி.பி. ரோட்டிலோ கம்பெனி ஸ்பேர்ஸ் கடையிலோ பில்லோடு வாங்குங்கள். "இசியு போயிடுச்சு, மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால், எந்த அளவு எவ்வளவு வந்தது, வர வேண்டியது எவ்வளவு என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் இசியு கெடுவது குறைவு. அதற்குப் போகும் ஐந்து வோல்ட், எர்த், சாக்கெட் மூன்றையும் சோதித்து முடிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.